வெளிக்கதவு திறந்தது, உள்தாழ்ப்பாள்?

"கதவைத் திறந்துவிட்டோம், இனி உலகமே உங்கள் கடைவீதி! விற்கத் தெரிந்தவன் விற்கட்டும். தெரியாதவன் வீட்டிலே முடங்கட்டும்!" பொருளாதாரப் பண்டிதர்கள் பல்லாண்டுகளாகப் பாடிவரும் பல்லவி இது. 1991ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24ஆம் நாள், அன்றைய நிதியமைச்சர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தாரே, அன்று தொடங்கிய பாட்டு. அதே திங்களின் முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. இறக்குமதிக்கு உரிமம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த காலம் மெல்ல மெல்ல முடிந்தது. அந்த ஆண்டு 150 விழுக்காடு என்று உச்சவரம்பு கட்டப்பட்ட சுங்கவரி, படிப்படியாக இறங்கி, 2007இல் பெரும்பாலான தொழிற்பொருள்களுக்கு 10 விழுக்காட்டிலே வந்து நின்றது.

கதவு திறந்தது உண்மை. அதை மறுப்பார் இல்லை. ஆனால், அந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்தது? உள்ளே வருவோருக்குத் திறந்ததா, வெளியே செல்வோருக்கும் திறந்ததா? வாசலில் நிற்கும் சீமானுக்குத் திறந்ததா, கொல்லைப்புறத்துத் தறிக்குழியில் கால் ஊன்றி அமர்ந்திருக்கும் நெசவாளிக்கும் திறந்ததா? இதைக் கேட்டால் பண்டிதர்களுக்குக் கோபம் வருகிறது. "நெசவாளி பழமையிலே ஊறியவன், உலகச் சந்தையின் போக்கு அறியாதவன், அதனால்தான் அவன் சரக்கு கடல் கடக்கவில்லை" என்று பழியைத் தூக்கி அவன் தலையிலேயே போடுகிறார்கள்.

பழி சரியான இடத்திலேதான் விழுகிறதா என்று பார்க்கவே இந்தக் கட்டுரை.

காஞ்சிக்கு அருகே கூரம் என்று ஓர் ஊர். இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். அவரைப் பற்றி வைணவர்கள் ஒரு கதை சொல்வார்கள். நாளெல்லாம் ஏழைகளுக்கு அன்னமிட்டு, இரவிலே அவர் தம் மாளிகைக் கதவைச் சாத்துவாராம். அந்த ஓசை காஞ்சிக் கோயில்வரை கேட்குமாம். நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் நகைக்கட்டும். நாம் கேட்பது ஒன்றுதான். அன்று கூரத்திலே ஒரு கதவு சாத்திய ஓசை காஞ்சிவரை கேட்டது என்கிறீர்கள். இன்று காஞ்சி வட்டாரத்துத் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றனவே, அந்த ஓசையின்மை டில்லிக்குக் கேட்கவில்லையா?

கதை வேண்டாம், கல்வெட்டும் செப்பேடும் வேண்டும் என்பார்க்கும் கூரத்திலே சான்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ வேந்தன் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட செப்பேடு இந்த ஊரின் பெயராலேயே கூரம் செப்பேடு என்று அழைக்கப்படுகிறது. கொடையாகத் தரப்பட்ட ஊரின் பொதுச் சொத்துகளை எண்ணிச் சொல்லும் அந்த ஏடு, செக்கைச் சொல்கிறது; தறியைச் சொல்கிறது; தரகையும் சொல்கிறது. தறியும் தரகும் அருகருகே! ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பொறிக்கப்பட்ட வரிசை அது. தறி இளைத்தது, தரகு மட்டும் கொழுத்தது. இடையிலே எத்தனையோ அரசுகள் வந்து போயின.

இப்படிச் சொல்வதால், "இவர்கள் கதவை மீண்டும் மூடச் சொல்கிறார்கள்" என்று எவரும் திரித்துக் கூற வேண்டாம். மூடிய கதவின் இலட்சணத்தையும் நாடு பார்த்திருக்கிறது. விடுதலை பெற்ற நாளையொட்டி உலக ஏற்றுமதியில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடு. உரிமமும் ஒதுக்கீடும் உத்தரவும் கோலோச்சிய நாற்பது ஆண்டுகள் முடிந்து 1990 வந்தபோது, அது அரை விழுக்காடாகச் சுருங்கிக் கிடந்தது. பூட்டிய வீட்டுக்குள் பொன் விளையவில்லை. ஆனால் கதவைத் திறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் என்ன ஆயிற்று? மீண்டும் 2 விழுக்காட்டை எட்டிப்பிடிக்கவே மூச்சு வாங்குகிறது. 1990இல் 2 விழுக்காட்டுக்கும் குறைவாக நின்ற சீனம், 14 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. 1986இல் சீர்திருத்தம் தொடங்கிய வியட்நாம், போரிலே கருகிய சின்னஞ்சிறு நாடு, சரக்கு ஏற்றுமதியில் இந்தியாவின் தோளுக்கு நிகராக வந்து நிற்கிறது. அவர்கள் மட்டும் கதவு திறந்தார்கள், நாம் திறக்கவில்லையா? திறந்தோம். அவர்கள் வெளிக்கதவைத் திறந்ததோடு உள்தாழ்ப்பாளையும் நீக்கினார்கள். நாம் வெளிக்கதவுக்கு மாலை போட்டுவிட்டு, உள்தாழ்ப்பாளை அப்படியே விட்டுவிட்டோம்.

முதல் தாழ்ப்பாள், நூல்.

காஞ்சிப் பட்டு என்று உலகம் புகழ்கிறது. ஆனால் காஞ்சியிலே பட்டுப்புழு வளர்வதில்லை. நூல் கருநாடகத்திலிருந்து வர வேண்டும். போதாததற்குச் சீனத்திலிருந்து வர வேண்டும். சரிகைக்குச் சூரத்தை நோக்க வேண்டும். சரிகைக்குள்ளே இருக்கும் வெள்ளியோ உலகச் சந்தையின் விலைக்கு ஆடுகிறது. காஞ்சிக்குச் சொந்தம் கை ஒன்றுதான். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவினால் கோத்து, கிழித்தாலும் பிரியாதபடி இணைக்கும் கோர்வை வேலை அந்தக் கையின் வித்தை. ஆக, வாங்கும் நூலின் விலையிலேதான் நெசவாளியின் வாழ்வு தொங்குகிறது.

அந்த நூலின் மீது டில்லி ஆடிய ஊஞ்சலைப் பாருங்கள். கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 30 விழுக்காடாக இருந்தது. 2011இல் ஒரே வீச்சில் 5 ஆக்கினார்கள். 2013இல் 15 ஆக்கினார்கள். பிறகு 10 ஆக்கினார்கள். 2021இல் மறுபடியும் 15 ஆக்கினார்கள். பத்தே ஆண்டுகளில் நான்கு மாற்றம்! வெளிநாட்டான் ஆறு திங்களுக்கு முன்பே விலை பேசுகிறான். பேசிய விலையை வைத்துக்கொண்டு பாவு ஓட்டத் தொடங்கினால், பாதியிலே நூல் விலை மாறுகிறது. நட்டத்தை யார் சுமப்பது? அமைச்சரா? அதிகாரியா? குழித்தறியிலே உட்கார்ந்திருப்பவன்தானே!

இதிலே ஒரு சிறு கணக்கு. நூறு ரூபாய் நூலுக்கு 15 ரூபாய் வரி என்றால், நம் நெசவாளியின் கைக்கு அது 115 ரூபாயாக வருகிறது. அயல்நாட்டு நெசவாலைக்கு அதே நூல் 100 ரூபாய்தான். இருவரும் ஒரே சந்தையில் போய் நிற்கிறார்கள். போட்டி தொடங்குவதற்கு முன்பே நம்மவன் 15 அடி பின்னே நிறுத்தப்படுகிறான். இறக்குமதி வரி என்று பெயர்; ஆனால் அது விழுவது ஏற்றுமதியின் தலையிலே! உள்ளே வரும் பொருளைத் தடுக்கிறோம் என்று எழுப்பும் மதில், வெளியே போகும் பொருளையும் தடுக்கும் என்பதை இந்தக் கணக்கு காட்டவில்லையா?

"அப்படியானால் மல்பெரி பயிரிடும் உழவன் அழியட்டுமா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, அதை ஒதுக்கித் தள்ளுவது அறமாகாது. இராமநகரத்துக் கூட்டுச் சந்தையிலும் தருமபுரிக் கூட்டுச் சந்தையிலும் கூடையோடு நிற்பவனும் நம்மைப் போன்ற ஏழைதான். அவனைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால், அவனைக் காக்கும் செலவை அரசின் கருவூலம் ஏற்க வேண்டுமா, அவனினும் ஏழையான நெசவாளி ஏற்க வேண்டுமா? விலை வீழும்போது உழவனுக்கு நேரே உதவித்தொகை கொடுங்கள். ஓர் ஏழையின் கண்ணீரைத் துடைக்க இன்னோர் ஏழையின் வேட்டியைக் கிழிக்காதீர்கள்.

இங்கேதான் பண்டிதர்கள் சட்டப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "ஏற்றுமதி செய்வோனுக்கு வரியில்லா நூல் தரச் சட்டத்தில் இடம் இருக்கிறதே!" என்கிறார்கள். இருக்கிறது. அட்வான்ஸ் லைசென்ஸ் என்று வணிகர் சொல்லும் முன்னுரிமம். இவ்வளவு நூலை வரியின்றி இறக்குவேன், இத்தனை காலத்துக்குள் இவ்வளவு துணியாக ஏற்றுவேன் என்று எழுதிக்கொடுத்துப் பெறுவது. அது நெசவாளியிடம் வந்தால் என்ன நடக்கும்? மேடையில் ஒரு காட்சியாகவே வைத்துப் பார்ப்போம்.

அதிகாரி: வாரும் பெரியவரே! என்ன வேண்டும்?

நெசவாளி: வரியில்லா நூல் கிடைக்கும் என்றார்கள் ஐயா.

அதிகாரி: கிடைக்கும், கிடைக்கும். எத்தனை டன்?

நெசவாளி: மூன்று கிலோ ஐயா.

அதிகாரி: (சிரித்து) மூன்று கிலோவா! ஏற்றுமதியாளர் எண் இருக்கிறதா?

நெசவாளி: தறி எண் இருக்கிறது ஐயா.

அதிகாரி: வங்கிப் பிணை?

நெசவாளி: வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே அடகில் இருக்கிறது.

அதிகாரி: கணக்காயர் கையெழுத்து? ஏற்றுமதிக் கடப்பாட்டுப் பத்திரம்? சுங்கத் தரகர்?

நெசவாளி: ஐயா, இதையெல்லாம் தேடி நான் அலைந்தால், தறியை யார் மிதிப்பது?

அதிகாரி: அது உம் பாடு. சட்டம் எல்லோருக்கும் பொது!

சட்டம் எல்லோருக்கும் பொதுவாம்! ஏணி எல்லோருக்கும் பொது; முதல் படி மட்டும் ஏழெட்டு அடி உயரத்தில்! டன் கணக்கில் வாங்குபவனுக்கு வரி இல்லை. கடையிலே கிலோ கணக்கில் வாங்குபவனுக்கு வரி விலையோடு கலந்து வருகிறது. ஏற்றுமதிச் சரக்கின் மூலப்பொருளுக்கு வரி கூடாது என்ற கொள்கையை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. பெரியவனுக்கு ஒப்புக்கொண்டதைச் சிறியவனுக்கும் கொடு என்பதுதான் நம் கோரிக்கை. இது பிச்சையா, உரிமையா? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது தாழ்ப்பாள், சிறுமையின் மீது விதிக்கப்படும் தண்டனை.

வரி இறங்க இறங்க, வேறொரு வேலி எழும்புவது உலக வாணிபத்தின் வழக்கம். 1990களில் ஜெர்மனி நாடு, உடலுக்குத் தீங்கு தரும் சில அசோ சாயங்களைத் தடை செய்தது. 1997இல் இந்தியாவும் தடை செய்தது. தடை நியாயமானதே, நஞ்சை உடுத்த எவரும் கேட்க மாட்டார். ஆனால் நஞ்சில்லை என்று மெய்ப்பிக்க ஆய்வுக்கூடச் சான்று வேண்டும். பல்லாயிரம் மீட்டர் துணிக்கும் ஒரு சான்று; பத்துச் சேலைக்கும் ஒரு சான்று. பெரியவனுக்கு அந்தச் செலவு கடுகு. சிறியவனுக்கு அதுவே மலை. சான்றுக்கு மேல் காப்பீடு, காப்பீட்டுக்கு மேல் கப்பற் கூலி, அதற்கும் மேல் பணம் வந்து சேரும்வரை திங்கள் கணக்கில் காத்திருப்பு. 2019-20இல் எடுக்கப்பட்ட கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திங்களுக்கு ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழே ஈட்டுகின்றன. அந்தக் குடும்பத்திடம், "மூன்று திங்கள் பொறு, டாலர் வரும்" என்று சொல்வது, நீரின்றித் தவிப்பவனிடம் மழைக்காலம் வரும் என்று சொல்வதுபோல் அல்லவா?

"நெசவாளிக்குத் திறமை இல்லை" என்போரை அழைத்துக்கொண்டு காஞ்சியிலிருந்து சென்னைச் சாலையிலே சற்றுத் தொலைவு போவோம். திருப்பெரும்புதூர் வருகிறது. அதே மாவட்டம், அதே மக்கள், பல குடும்பங்களில் தந்தை தறியில், மகன் அந்தத் தொழிற்சாலையில். 2006இல் அங்கே நோக்கியா கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கியது. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று 2005இல் சட்டம் செய்து, உதிரிப்பாகங்களுக்கு இறக்குமதி வரி இல்லை, சுங்க அதிகாரி மண்டலத்துக்குள்ளேயே, சாலை உண்டு, மின்சாரம் உண்டு என்று ஒவ்வொரு தாழ்ப்பாளாக நீக்கினார்கள். சரக்கு பறந்தது. நோக்கியா 2014இல் மூடிப் போனது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தெருவில் நின்றார்கள். ஆயினும் பிற ஆலைகள் வந்தன. 2024-25இல் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 1,400 கோடி டாலரைத் தாண்டியது.

அந்த வளர்ச்சியை நாம் பழிக்கவில்லை; பெருமைப்படுகிறோம். ஆனால் அது மெய்ப்பித்த உண்மை என்ன? தாழ்ப்பாளை நீக்கினால் காஞ்சி மாவட்டத்துக் கை உலகத்துக்கே பொருள் செய்யும் என்பதுதானே! மகனின் கையிலே இருக்கும் திறமை தந்தையின் கையிலே இல்லாமலா போய்விட்டது? வெளிநாட்டு முதலாளிக்குச் சுங்கச்சாவடியே வாசலுக்கு வருகிறது. உள்ளூர் நெசவாளி சுங்கச்சாவடியின் வாசலைத் தேடி அலைகிறான். ஆலை வரும், சலுகை தீர்ந்தால் போகும். தறி எங்கே போகும்? மண்ணிலே குழி தோண்டி நட்ட தறி ஊரைவிட்டு ஓடாது. ஓடாதவனுக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை என்பதா ஆட்சியின் நீதி?

மூன்றாவது தாழ்ப்பாள், சந்தையிலே நமக்கு நாக்கு இல்லாமை.

"ஆறு கெசச் சேலையை அமெரிக்கப் பெண் உடுத்துவாளா?" என்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1950களின் இறுதியில் மதராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்கா போயிற்று. துவைத்தால் சாயம் கலைந்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். அங்கிருந்த விளம்பரக்காரர்கள் என்ன செய்தார்கள்? "சாயம் கலைவதே இதன் அழகு, துவைக்கத் துவைக்கப் புது நிறம்" என்று எழுதினார்கள். குறையென்று வந்தது மோகமாக மாறிற்று; அறுபதுகளில் அமெரிக்க இளைஞர்கள் அந்தச் சட்டைக்கு அலைந்தார்கள். சாயம் போன துணிக்கே சந்தை பிடிக்க முடிந்தது என்றால், தலைமுறை தாண்டியும் பொலிவு குன்றாத பட்டுக்கு முடியாதா? அன்று விற்றது நாக்கு. காஞ்சி நெசவாளிக்கும் வாங்குவோனுக்கும் இடையே அந்த நாக்காக யார் நிற்கிறார்? தரகர் நிற்கிறார். அவருடைய நாக்கு இரண்டு பக்கமும் விலையை மட்டுமே பேசும்.

2005ஆம் ஆண்டையொட்டிக் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைதட்டினோம். ஆனால் விசைத்தறியிலே ஓட்டிய போலி, காஞ்சிபுரம் என்ற பெயரோடு கடைகளில் தொங்குகிறதே, அதைத் தடுக்க எத்தனை கை எழுந்தது? பெயருக்குக் காவல் இல்லாத ஊரின் பொருளை வெளிநாட்டான் எந்த நம்பிக்கையோடு வாங்குவான்?

நாக்கு வேண்டியது சந்தையில் மட்டுமா? பேச்சுவார்த்தை மேசையிலும் வேண்டும். வங்கதேசத்து ஆடை 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியின்றி நுழைந்தது. நம் ஆடை ஏறத்தாழ 10 விழுக்காடு வரி கட்டி நுழைந்தது. ஐரோப்பாவோடு உடன்பாடு பேச 2007இல் உட்கார்ந்தார்கள், 2013இல் எழுந்துபோனார்கள், 2022இல் மீண்டும் உட்கார்ந்தார்கள். இடையிலே வியட்நாம் பேசி முடித்து, 2020 ஆகஸ்டில் உடன்பாட்டை நடைமுறைக்கே கொண்டுவந்துவிட்டது.

பட்டைப் பற்றிச் சொன்னது பருத்திக்கும் பொருந்தும். திருப்பூரைப் பாருங்கள். 2021இல் பருத்தி இறக்குமதி மீது ஏறத்தாழ 11 விழுக்காடு வரி போட்டார்கள். "நூல் விலை கழுத்தை நெரிக்கிறது, எடுத்துவிடுங்கள்" என்று பின்னலாடைத் தொழில் கதறியது. 2022இல் சில திங்கள் எடுத்தார்கள். பிறகு மீண்டும் போட்டார்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான வரியை 50 விழுக்காடாக்கியது. அந்த இடி விழுவதற்குச் சில நாள்களுக்கு முன், ஆகஸ்ட் 19 அன்று, டில்லி பருத்தி வரியை அவசர அவசரமாக நீக்கியது. அதையும் செப்டம்பர் 30 வரை என்று நாள் குறித்தது. பிறகு டிசம்பர் 31 வரை நீட்டியது. திருப்பூர் கதறியபோது நீங்காத வரி, வாஷிங்டன் உறுமியபோது நீங்கியது! சொந்தப் பிள்ளையின் அழுகைக்குத் திறக்காத கதவு, அயலான் உதைத்தபோது திறந்தது. இதற்குப் பெயர் கொள்கையா?

தோழர்களே! குறை கூறிவிட்டுக் கலைந்துபோவது நம் வழக்கமல்ல. கேட்க வேண்டியதைக் கேட்போம்.

ஒன்று: முன்னுரிமத்தை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரால், எளிய ஒரே தாளில் கொடுங்கள். மூன்று கிலோ வேண்டுவோர் ஆயிரம் பேர் சேர்ந்தால் மூன்று டன் ஆகும்.

இரண்டு: கச்சாப் பட்டு வரியை ஆண்டுக்கொரு முறை ஆட்டாதீர்கள். ஐந்தாண்டுக்கு ஒரே வரி என்று அறிவியுங்கள். மல்பெரி உழவனுக்கு நேரடி ஆதரவு தாருங்கள்.

மூன்று: காஞ்சியிலேயே சாய ஆய்வுக்கூடம் அமைத்து, சங்கத்துச் சரக்குக்கு இலவசச் சான்று தாருங்கள். சரக்கு கப்பலேறிய அன்றே கூலியை வங்கி முன்பணமாகக் கொடுக்கட்டும். டாலர் வரும்போது எடுத்துக்கொள்ளட்டும்.

நான்கு: புவிசார் குறியீட்டைச் சட்டத்தின் துணையோடு காப்பாற்றுங்கள். வெளிநாட்டு உடன்பாடு பேசும் மேசையிலே கைத்தறிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

இவற்றிலே எது வானத்து வில்லை வளைக்கும் வேலை? திருப்பெரும்புதூருக்குச் செய்ததைக் கூரத்துக்குச் செய்யச் சொல்கிறோம், அவ்வளவே.

காலம் அதிகம் இல்லை. கோர்வைக்கு இருவர் வேண்டும். அந்த இரண்டாவது ஆளாக உட்கார இன்று இளைஞர் வருவதில்லை. வராததற்கு அவர்கள்மீது குற்றமும் இல்லை. மூடிய ஆலையைப் பணம் கொட்டினால் மறுபடி திறக்கலாம். மறந்த கையைத் திறக்க எந்தக் கருவூலத்திலும் சாவி கிடையாது. ஆகவே, உங்கள் ஊர்க் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம், "வெளிக்கதவைத் திறந்தது யார்?" என்று அவர்கள் பெருமை பேசும்போது, குறுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உள்தாழ்ப்பாளை எப்போது நீக்குவீர்கள்?"

விடை வரும்வரை கேளுங்கள்!